பங்க்கா, பாட்டிலா, ட்யூனா? பெங்களூரில் ஒரு டர்போ காருக்கு ஆக்டேன் தேடிய கதை

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். செங்கல் பொடியில் உருட்டி எடுத்தது போல இருந்தது. "என்ன சார், பிளக்குக்குக் குங்குமம் வெச்சிருக்கீங்க? பாட்டில் ஏதாச்சும் ஊத்துனீங்களா?" என்றார். வாணியம்பாடிக்காரர், இருபது வருடமாக வில்சன் கார்டனில் ஷெட் வைத்திருக்கிறார். பொய் சொல்லித் தப்ப முடியாது. ஊற்றியிருந்தேன். நான்கு மாதத்தில் ஆறு பாட்டில் ஆக்டேன் பூஸ்டர், அதாவது பெட்ரோலின் ஆக்டேனை ஏற்றுவதாகச் சொல்லும் திரவம்.

கார் 2016 ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ., செகண்ட் ஹேண்ட். கம்பெனிக் கணக்கில் 180 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. சும்மா விட்டிருக்கலாம். விடவில்லை. வாங்கிய மூன்றாம் மாதமே, என்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வில் ஸ்டேஜ் ஒன் ட்யூன் ஏற்றினேன். டர்போ அழுத்தத்தை ஏற்றிச் சக்தியைக் கூட்டும் சாஃப்ட்வேர் மாற்றம் அது. ட்யூன் போட்டவர் போகிறபோக்கில், "இனிமே நல்ல பெட்ரோல் போடுங்க" என்றார். நல்ல பெட்ரோல் என்றால் எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் ஒன்றரை வருடம் போனது. இதே மாதிரி வண்டி வைத்துக்கொண்டு இதே ஊரில் குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆக்டேன் எண்ணைப் பெட்ரோலின் பொறுமை என்று எடுத்துக்கொள்ளலாம். பிஸ்டன் மேலே ஏறிக் காற்றையும் பெட்ரோலையும் நசுக்கும்போது, பிளக் பொறி வைத்துக் கிளம்பிய தீ பரவி முடியும்வரை மீதிக் கலவை தானாக வெடிக்காமல் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் வெடித்தால் அதுதான் நாக்கிங். எண் கூடினால் பொறுமை கூடும், அவ்வளவுதான். பெட்ரோலில் இருக்கும் சக்தி அதனால் கூடிவிடாது. இந்த எண்ணை அளக்க, கம்ப்ரெஷனை ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றை சிலிண்டர் என்ஜின் ஒன்றை 600 ஆர்.பி.எம்.மில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து ஒப்பிடுகிறார்கள். நம் பங்க்கில் எழுதியிருப்பது இப்படி அளந்த எண், பெயர் ரான் (RON). அமெரிக்காவில் இருக்கும் மச்சான் "நாங்க 93 போடுறோம்" என்றால் ஏமாற வேண்டாம். அவர்கள் ஊர்க் கணக்கு வேறு. அந்த 93 நம் கணக்கில் ஏறக்குறைய 98.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள், உதாரணமாக சாதாரண ஹோண்டா சிட்டி, இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையை விடப் பத்து சதவீதம் குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு என்பதால் நாக்கிங்குக்கான அழுத்தமும் குறைவு. அமெரிக்காவின் மலை மாநிலங்களில் 85 என்று ஒரு பெட்ரோலையே தனியாக விற்பதற்கு இந்தக் காரணம்தான் அடிப்படை. டர்போவில் இந்தச் சலுகை செல்லாது. காற்று மெலிதாக இருந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அதே அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடும். அப்படிச் சுற்றும்போது காற்று கூடுதலாகச் சூடேறும். அந்தச் சூடு நாக்கிங்கைக் கூட்டிக்கொண்டு வரும்.

சரி, என் முன்னால் இருந்த வழிகளுக்கு வருகிறேன்.

முதலில் சாதாரண பெட்ரோல். பி.எஸ்.6 புகை விதி வந்தபோது இதன் குறைந்தபட்ச ரான் 91. இப்போது நாம் போடுவது ஈ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலின் ரான் 108-ஐத் தாண்டும் என்பதால் கலவையின் எண் 95-ஐ ஒட்டி வந்துவிட்டதாக 2025 ஆகஸ்டில் பெட்ரோலியம் அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. இது பலருக்கு உறைக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் "95 வேணும்னா ப்ரீமியம் போடு" என்று சொன்னது சரி. இன்று சாதாரண நாஸிலிலேயே ஏறக்குறைய அது வருகிறது. ஆகவே எக்ஸ்பி 95, பவர் 95 போன்றவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, அதில் சேர்க்கும் இன்ஜெக்டர் கழுவும் மருந்துக்குத்தான் போகிறது. அது கெட்ட விஷயம் அல்ல. ஆனால் ஆக்டேனுக்காக அதை வாங்குகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈ20-இல் என் வண்டிக்கு வேறு ஒரு உறுத்தல் உண்டு. 2016-இல் செய்த வண்டி ஈ20-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. ரப்பர் குழாய், சீல் எல்லாம் எத்தனை வருடம் தாங்கும் என்ற கவலை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து 100. இந்தியன் ஆயில் 2020 டிசம்பர் 1 அன்று எக்ஸ்பி 100-ஐ அறிமுகப்படுத்தியது. மதுரா சுத்திகரிப்பு ஆலையில், ஆக்டாமாக்ஸ் என்ற அவர்களுடைய சொந்தத் தொழில்நுட்பத்தில் தயாராகிறது. முதல் சுற்றில் டெல்லி, மும்பை உள்ளிட்ட பத்து ஊர்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் அடுத்த சுற்றில்தான் வந்தது. அப்போதே லிட்டர் 160 ரூபாய். ஹெச்.பி.யிலும் பவர் 99, பவர் 100 என்று உண்டு. பாரத் பெட்ரோலியத்தில் ஸ்பீடு 97. எல்லா பங்க்கிலும் கிடைக்காது. கேட்டு வைத்துக்கொண்டு போக வேண்டும்.

நான் முதல்முறை 100 போடப் போனபோது பங்க்கில் இருந்த பையன் மீட்டரைத் தட்டாமல் என் முகத்தைப் பார்த்தான். "சார், இது நூறு. ரேட் தெரியும்ல?" என்றான். தெரியும் என்றேன். பக்கத்து நாஸிலில் இருந்தவனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக நின்று பார்த்தார்கள். 44 லிட்டர். ஏழாயிரத்துச் சொச்சம். வீட்டில் பில்லைக் காட்டவில்லை.

என்ன கிடைத்தது? இதை வாய்ப்பேச்சாகச் சொல்லக்கூடாது என்று ஒரு ஓ.பி.டி. டாங்கிள் வாங்கினேன். காரில் செருகினால் ஈ.சி.யு. செய்வதைப் படித்துச் சொல்லும் கருவி. ஞாயிறு காலை ஐந்தரை மணி, ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலை. பக்கத்து சீட்டில் சித்தப்பா மகன், மடியில் லேப்டாப். மூன்றாம் கியரில் 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து 5,000 வரை ஒரே மிதி. ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக் சென்சார் சொன்னதைக் கேட்டு ஈ.சி.யு. நாக்கிங்கைத் தடுக்க எத்தனை டிகிரி பொறியைத் தள்ளிப்போடுகிறது என்று அது எழுதிக்கொண்டே வரும். சாதாரண பெட்ரோலில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களில் நாலு, நாலரை டிகிரி பின்வாங்கியது. "அண்ணா, மறுபடி மைனஸ் நாலு" என்று அவன் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வந்தான். டாங்கை வற்றவிட்டு 100 நிரப்பி, இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இடத்தில் அதே நேரத்தில் பார்த்தோம். ஒன்றுக்கு மேல் போகவில்லை. நான்காவது சிலிண்டர் சுத்தமாகப் பூஜ்யம்.

பொறி தள்ளிப்போகும் ஒவ்வொரு டிகிரியும் டார்க்கைத் தின்னும். ஆகவே 100-இல் மிதித்தால் வண்டி ஒரே சீராக இழுத்தது. அதற்கு முன் 4,000-க்கு மேல் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது இல்லையா, அது போய்விட்டது. மைலேஜும் கொஞ்சம் ஏறியது. ஆனால் அந்தப் பெருமை ஆக்டேனைச் சேராது. இந்த 100-இல் எத்தனால் கிடையாது. லிட்டருக்கு எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஈ20-ஐ விட எத்தனால் இல்லாத பெட்ரோல் ஆறு ஏழு சதவீதம் கூடத்தான் ஓடும். அதற்காக ஐம்பத்தைந்து சதவீதம் அதிக விலை கொடுப்பதைக் கணக்குத் தெரிந்த யாரும் சேமிப்பு என்று சொல்லமாட்டார்கள்.

இங்கே முக்கியமான ஒரு நிபந்தனை. இந்த வித்தியாசம் தெரிந்தது, ட்யூன் போட்ட என் வண்டியில். ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கும், 95 போதும் என்று மூடியில் ஒட்டியிருக்கும் வண்டியில் 100 ஊற்றினால், ஈ.சி.யு. பொறியை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அதற்கு மேல் இருக்கும் பொறுமையை அது பயன்படுத்திக்கொள்ளாது. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே ஸ்டிக்கரில் எண் இருக்கும். அதைப் படிப்பது இலவசம்.

இப்போது பாட்டில் கதை. ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் வாங்கப் போனபோது கடைக்காரர் எடுத்து வைத்தது. "பத்து பாயிண்ட் ஏறும் சார்." விலை 1,100 ரூபாய். 45 லிட்டருக்கு ஒரு பாட்டில். பத்து பாயிண்ட் என்றால் 95 எகிறி 105 ஆகிவிடும் என்று சந்தோஷமாக வாங்கிவந்தேன். இந்தத் தொழிலில் ஒரு பாயிண்ட் என்றால் 0.1 ஆக்டேன். பத்து பாயிண்ட் என்றால் ஒன்று. 95, 96 ஆகும். இதைத் தெரிந்துகொண்ட அன்று அந்தப் பாட்டிலை நான் பார்த்த பார்வை வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டிலில் லிட்டருக்கு 24 ரூபாய் கூடுகிறது, கிடைப்பது ஒரு ஆக்டேன். சாதாரண பெட்ரோல் 102, நூறு 160 என்று வைத்தால் 58 ரூபாய்க்கு ஐந்து ஆக்டேன். ஒரு ஆக்டேனுக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட ஆகவில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் 97.5-ஐ ஒட்டி வரும், லிட்டர் 131. பாட்டில் எந்தக் கணக்கிலும் ஜெயிக்கவில்லை.

அப்புறம் அந்தக் குங்குமம். பாட்டிலில் வேலை செய்யும் சரக்கு பெரும்பாலும் எம்.எம்.டி. என்ற மாங்கனீஸ் சேர்மம், அல்லது ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம். எரிந்த பிறகு பெட்ரோல் புகையாகப் போய்விடும், உலோகம் எங்கே போகும்? பிளக்கின் பீங்கானில், ஆக்சிஜன் சென்சாரில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் தேன்கூட்டில் ஆரஞ்சு, சிவப்பாகப் படியும். பிளக் மேல் படிந்த உலோகத் தூசு சூடானால் மின்சாரத்தைக் கடத்தும். பொறி குதிக்க வேண்டிய இடத்தில் குதிக்காமல் ஓரமாக ஒழுகிவிடும். எனக்கு நடந்தது அதுதான். சில்க் போர்டு மேம்பாலத்தில் ஏறும்போது மிஸ்ஃபயர் விளக்கு எரிந்து, வண்டி குலுங்கி, பின்னால் இருந்த ஆட்டோக்காரர் கன்னடத்தில் என் குலத்தையே விசாரித்தார். நான்கு பிளக், ஒரு காயில், கூலி என்று போன பணத்தில் ஒரு டாங்க் நூறு நிரப்பியிருக்கலாம். 1921-இல் அமெரிக்கப் பொறியாளர் மிட்ஜ்லி ஈயத்தைக் கலந்து நாக்கிங்கை அடக்கியதும் இதே மாதிரி உலோக வைத்தியம்தான். அந்த ஈயத்தை நாட்டிலிருந்து விரட்ட நமக்கு 2000-ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

ஈயம் என்றதும் ஒரு பக்கப் பேச்சு. "ஜக்கூர் ஏரோட்ரோம் பக்கத்துல விமானப் பெட்ரோல் கிடைச்சா போடலாமே" என்று ஒரு நண்பர் ஆரம்பித்தார். சின்ன விமானங்களுக்கான அந்த 100 எல்.எல். பெட்ரோலில் இன்றும் ஈயம் இருக்கிறது. ஒரு சில டாங்கிலேயே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் செத்துவிடும். கிடைத்தாலும் வேண்டாம். டொலுயீன் கலப்பதும் அப்படித்தான். ரான் சுமார் 120, கணக்கில் அழகாக இருக்கும். பத்து சதவீதம் கலந்தால் இரண்டரை ஆக்டேன் ஏறும். ஆனால் அதற்கு ஐந்து லிட்டர் தின்னரை வீட்டு பால்கனியில் வைத்துக்கொண்டு புனல் போட்டு ஊற்ற வேண்டும். அந்த ஆவி நரம்புக்கு ஆகாது, அபார்ட்மெண்டுக்கும் ஆகாது.

எத்தனாலை இன்னும் கூட்டினால் என்ன? இது நான் நிஜமாகவே யோசித்த வழி. 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் 183 பங்க்குகளில் எத்தனால் 100 விற்கத் தொடங்கியது. ஐந்து மாநிலங்கள், கர்நாடகமும் தமிழ்நாடும் அதில் உண்டு. 40 லிட்டர் ஈ20 இருக்கும் டாங்கில் ஆறு லிட்டர் அதை ஊற்றினால் கலவை ஏறத்தாழ ஈ30. ஆக்டேன் கூடும். அதைவிடப் பெரிய லாபம், எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலை விட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சும். நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜினில் அது உள்ளேயே ஏ.சி. போட்ட மாதிரி. மோட்டார் பந்தயக்காரர்கள் 85 சதவீத எத்தனால் கலந்த ஈ85-ஐ விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், அதே வேலைக்கு எத்தனால் கூடுதல் அளவு பாய வேண்டும். ஈ85-க்கு முப்பது நாற்பது சதவீதம் அதிகம். ஹை பிரஷர் பம்ப் அதைக் கொடுக்க முடியாமல் திணறினால் கலவையில் எரிபொருள் குறைந்துபோய், நாக்கிங்கை விட மோசமான இடத்தில் கொண்டு நிறுத்தும். ஈ30-க்கு ஈ.சி.யு. சமாளித்துவிடும், நாலு சதவீதம்தானே. ஆனால் எத்தனால் அளவைக் காட்டும் சென்சார் இல்லாமல், ஒவ்வொரு முறையும் மனக்கணக்குப் போட்டு ஊற்றுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஈ20-க்கே தயாராகாத 2016 சீல்களை வைத்துக்கொண்டு ஈ30-க்குப் போவது, பல்வலியோடு முறுக்குக் கடிப்பது. புது வண்டி, எத்தனால் அளவை அளந்து சொல்லும் ஃப்ளெக்ஸ் ஃபியூல் கிட், அதற்கென்றே எழுதிய ட்யூன் மூன்றும் இருப்பவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தண்ணீரும் மெத்தனாலும் கலந்து காற்றுக் குழாயில் தெளித்துச் சூட்டைத் தணிக்கும் கிட்டும் உண்டு. பழைய யோசனைதான். 1962-இல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற கார் இந்தத் திரவத்துக்கென்று தனி டாங்கோடு வந்தது. வாங்கியவர்கள் அதை நிரப்பவே மறந்தார்கள், 1963-உடன் மாடலை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் நிரப்ப மறப்பது இருக்கட்டும், மெத்தனாலைக் கேட்டு வாங்குவதே சிக்கல். 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்த பிறகு, கையில் மெத்தனால் கேனோடு அத்திப்பள்ளி செக் போஸ்ட்டைத் தாண்டி, "கார்ல தெளிக்கத்தான் சார்" என்று விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இவ்வளவும் பெட்ரோலின் எண்ணை ஏற்றும் வழிகள். என்ஜின் கேட்கும் எண்ணைக் குறைக்கலாம் என்பதை வாணியம்பாடிக்காரர் சொல்லித்தான் யோசித்தேன். "நீங்க கேக்குறது மருந்து சார். மொதல்ல காய்ச்சல் ஏன்னு பாக்கலாம்" என்றார். பிளக் மாற்றிய கையோடு, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றினார். முன்பக்கத்தில் பூச்சியும் மண்ணுமாக அடைத்திருந்தது. ஒரு ஹோஸ் கிளிப் லூசாக இருந்து, டர்போ காற்று ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகியதை ஈடுகட்ட டர்போ இன்னும் சுற்றியிருக்கிறது, காற்று இன்னும் சூடாகியிருக்கிறது. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய என்ஜினில் பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கும். அது இடத்தையும் அடைக்கும், சூட்டையும் பிடித்துவைக்கும். இரண்டும் ஆக்டேன் தேவையை ஏற்றும். கரி எடுத்தார், சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் 'குளிர்ந்த' வகைப் பிளக் போட்டார், கிளிப்பை மாற்றினார். மொத்தம் 14,000 ரூபாய், ஒரே தடவை. மறுபடி கிருஷ்ணகிரி ரோடு, மறுபடி லேப்டாப். சாதாரண பெட்ரோலில் இப்போது இரண்டு டிகிரி. நூறு ஊற்றிக் கிடைத்ததில் பாதிக்கு மேல், பங்க் பக்கமே போகாமல் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு ட்யூன் போட்டவரிடம் போனேன். இந்த முறை டாங்கிள் பதிவுசெய்த லாகை நீட்டிக் கேட்டேன்: தினமும் கிடைக்கும் ஈ20-க்கு ஒரு மேப் (பொறியும் டர்போ அழுத்தமும் எவ்வளவு என்று ஈ.சி.யு.வுக்குச் சொல்லும் அட்டவணை), நூறுக்கு ஒரு மேப், இரண்டும் வேண்டும். முதல் மேப்பில் டர்போ அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வரை பம்பர் டு பம்பர் போகிறவனுக்கு அந்தக் குறைவு தெரியவா போகிறது? என் வண்டியின் ஏழு கியர் டிரை கிளட்ச் பாக்ஸும் 250 நியூட்டன் மீட்டருக்குத்தான் செய்யப்பட்டது. அதை ரொம்பச் சோதிக்காமல் இருப்பது அதற்கும் நல்லது, எனக்கும் நல்லது.

ஆகவே யாராவது கேட்டால் நான் சொல்லும் வரிசை இப்படி இருக்கிறது. லாக் எடுக்காமல் எதையும் வாங்காதீர்கள். வண்டி பொறியைப் பின்வாங்கவில்லை என்றால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பின்வாங்குகிறது என்றால் முதலில் இன்டர்கூலர், ஹோஸ், பிளக், கரி. அதன் பிறகும் இருந்தால் கிடைக்கும் பெட்ரோலுக்கு மேப்பைச் சரிசெய்யுங்கள். ட்யூனுக்காகப் பெட்ரோலைத் துரத்திக்கொண்டு வாரா வாரம் ஊரைச் சுற்றாதீர்கள். நூறு, ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் நாளுக்கும் நீண்ட மலைப்பாதைக்கும். பாட்டில், வேண்டாம். நூறு போடுவதென்றால் அது நன்றாக விற்கும் பங்க்கில் போடுங்கள். வாரத்துக்கு ரெண்டு பேர் மட்டும் வாங்கும் இடத்தில் சரக்கு எத்தனை நாளாகத் தொட்டியில் கிடக்கிறதோ.

அடுத்த மாதம் சென்னை பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போகிறேன். பெங்களூரிலேயே நூறு நிரப்பிக்கொண்டு கிளம்பினால் முந்நூறு கிலோமீட்டரில் பாதி டாங்க் நெடுஞ்சாலையிலேயே போய்விடும், வேலூர் டோலில் நூறு ஆக்டேனை எரித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் ஈ20-இல், முதல் மேப்பில் போகிறேன். அங்கே போய்ச் சேரும்போது டாங்கில் ஐந்து லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கக்கூடாது. 45 லிட்டர் நூறு நிரப்பினால் கலவை 99-ஐத் தாண்டும், அப்புறம் இரண்டாவது மேப். சென்னைச் சூடு பெங்களூரு மாதிரி இருக்காது என்பதால் முதல் சுற்றில் லேப்டாப்போடு சித்தப்பா மகனும் வருகிறான்.